எடைக்குப் போட்ட சத்தம்

‘இதெல்லாம் ஒரு மியூசிக்கா சார்?’ என்று கேட்பவர்களுக்கு என் பதில் ரொம்பச் சுருக்கம். இல்லை.

மியூசிக் இல்லை, ஒப்புக்கொண்டாயிற்று. பல்லவி கிடையாது, சரணம் கிடையாது, குளிக்கும்போது முணுமுணுக்க ஒரு வரி கிடையாது. கல்யாண வீட்டில் போட்டால் சமையல்காரர் பாதியில் கிளம்பிவிடுவார். சரி, மியூசிக் இல்லாத ஒரு சத்தத்தை என்ன செய்வது? தூக்கிப் போட வேண்டியதுதானே என்கிறீர்கள் நீங்கள். அங்கேதான் எனக்கும் உங்களுக்கும் தகராறு.

விஷயத்துக்கு வருகிறேன். ‘தி என்.ஐ.டி. டேப்ஸ்’ என்று ஓர் ஆல்பம். 2023-ல் லண்டனில் வெளியிட்டார்கள். ஆனால் உள்ளே இருப்பது 1969-க்கும் 1972-க்கும் நடுவில், அகமதாபாத்தில் நம்ம ஊர் ஆட்கள் பதிவு செய்த சத்தங்கள். சத்தங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ‘ங்ங்ங்’ என்று ஒரு ரீங்காரம், அதன் மேல் தண்ணீர் கொப்புளிப்பது போல ஒன்று, திடீரென்று யாரோ தகரத்தைச் சுரண்டுவது போல இன்னொன்று. வீட்டில் இதைப் போட்டபோது என் பையன், ‘ஸ்பீக்கர் போச்சுப்பா’ என்றான். கீழ் வீட்டுக்காரர் போர்வெல் மோட்டார் ஏர் இழுக்கிறது என்று நினைத்து ஸ்விட்சை அணைக்க ஓடினார். என்னோடு பி.காம். படித்து இன்று ஆடிட்டராக இருக்கும் நண்பன் கேட்டது ஒரே கேள்வி: ‘இதுக்கு எவ்வளவு குடுத்தே?’

சிரியுங்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு இந்த டேப்புகளின் ஜாதகத்தைப் பார்த்தால் சிரிப்பு கொஞ்சம் குறைகிறது.

1969-ல் டேவிட் டியூடர் என்ற அமெரிக்கர் ஒரு மோக் சிந்தசைசரைக் கொண்டுவந்து அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அதாவது என்.ஐ.டி.யில், நிறுவினார். இன்று கைபேசிக்குள் அடங்கிவிடுகிற சமாசாரம். அன்று அது ஓர் அலமாரி. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி இந்தத் துளையிலிருந்து அந்தத் துளைக்கு வயரைச் செருகி, திருகைத் திருகி, ஒவ்வொரு சத்தத்தையும் கையால் உண்டாக்க வேண்டும். ராபர்ட் மோக் அந்தக் கருவியை உலகத்துக்குக் காட்டியே அப்போது ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. இந்தியாவின் முதல் எலெக்ட்ரானிக் இசைக்கூடம் அதுதான். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, கட்டடக்கலை மாணவரான ஜின்ராஜ் ஜோஷிபுரா என்று ஒரு சின்னக் கூட்டம் அதில் உட்கார்ந்து வேலை பார்த்தது. சுமார் மூன்று வருஷம். அப்புறம் எல்லாம் அடங்கிவிட்டது. டேப்புகள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டன. 2017-ல் பால் பர்காஸ் என்ற லண்டன்வாசி அங்கே போய்க் கிளறும்வரை, கிட்டத்தட்ட 45 வருஷம், ஒருவரும் தேடவில்லை. எடைக்குப் போடாமல் வைத்திருந்தார்களே, அதற்காக ஒரு கும்பிடு போடலாம்.

‘வெள்ளைக்காரன் கிறுக்குத்தனத்தை இங்கே கொண்டுவந்து இறக்கினால் இப்படித்தான்’ என்று நீங்கள் ஆரம்பிப்பதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த டியூடர்தான் 1952-ல் ஜான் கேஜின் ‘4 நிமிஷம் 33 விநாடி’யை முதன்முதலில் மேடையில் ‘வாசித்தவர்’. பியானோ மூடியை மூடிவிட்டு, ஒரு கட்டையைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே காற்றடித்தது, கூரையில் மழை விழுந்தது, கடைசியில் ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். அதுதான் கச்சேரி. ஏமாற்று வேலை என்று ஒரு கட்சி, புரட்சி என்று ஒரு கட்சி. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அது இருக்கட்டும். அதே கேஜுக்கு 1946-ல் நியூயார்க்கில் இந்திய சங்கீதம் சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா? மேலே பட்டியலில் முதலில் இருக்கிற கீதா சாராபாய்தான். பதிலுக்கு அவர் கேஜிடம் மேற்கத்திய சங்கீதம் கற்றுக்கொண்டார். மனசை அடக்கி அமைதிப்படுத்தத்தான் சங்கீதம் என்று தன் குரு சொன்னதைக் கீதா சொல்ல, கேஜ் அதைப் பிடித்துக்கொண்டு ஆயுசுக்கும் மேற்கோள் காட்டினார். ஆக, சரக்கு இங்கிருந்து போய், அலமாரியாகத் திரும்பி வந்தது என்றும் சொல்லலாம்.

கீதாவின் அப்பா அம்பாலால் சாராபாய் அகமதாபாத்தில் காலிகோ மில் அதிபர். அண்ணன் விக்ரம் சாராபாய் ராக்கெட் விட்டவர். என்.ஐ.டி.யை 1961-லிருந்து வளர்த்தெடுத்தவர்கள் கூடப்பிறந்த கௌதமும் கீராவும். பஞ்சாலைக் குடும்பம். அகமதாபாத்துக்கு இந்தியாவின் மான்செஸ்டர் என்று பேர். தென்னிந்தியாவின் மான்செஸ்டர் எது என்று கோயமுத்தூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் மான்செஸ்டரிலும் ஆலை அதிபர்கள் சத்தத்தில் பணம் போட்டார்கள். 1935-ல் ஆரம்பித்த சென்ட்ரல் ஸ்டுடியோ சிங்காநல்லூரில் இருந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலில் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ (1947) அங்கேதான் எடுக்கப்பட்டது. எஸ்.எம். சுப்பையா நாயுடு அங்கே இசையமைத்தார். எம்.எஸ். விஸ்வநாதன் என்ற பையன் அங்கேதான் எடுபிடி வேலை பார்த்துத் தொழில் கற்றான். தமிழ் சினிமாப் பாட்டுக்கு இந்த ஊர் போட்ட முதலீடு கொஞ்சநஞ்சம் இல்லை. பெருமைதான். ஆனால் அதன் விளைவு என்னவென்றால், தமிழில் மியூசிக் என்றால் சினிமாப் பாட்டு, சினிமாப் பாட்டு என்றால் மியூசிக் என்று கணக்கை முடித்துவிட்டோம். டிசம்பர் கச்சேரிகளுக்கு மட்டும் ஒரு மாச விலக்கு.

வேடிக்கை என்னவென்றால் இந்த ஆல்பத்தில் வருகிற அத்தனை சத்தத்தையும் நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பேய்ப் படத்தில் கதவு திறப்பதற்கு முன்னால் ஒரு ரீங்காரம் வருகிறதே, அது என்ன ராகம்? வில்லன் காரிலிருந்து இறங்கும்போது தரை அதிர ஒரு உறுமல் வருகிறதே, அதற்குப் பல்லவி எங்கே? அங்கே நீங்கள் பாப்கார்னைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளக்கிறீர்கள். படம் இருந்தால் காது எதையும் தாங்குகிறது. படத்தை எடுத்துவிட்டு அதே சத்தத்தை மட்டும் கொடுத்தால் ‘ஏமாத்துறான்’ என்கிறது. கோனியம்மன் தேருக்குத் துடும்பு அடிக்கும்போதும் யாரும் மெட்டு எங்கே என்று கேட்பதில்லை. வயிறு அதிர்கிறது, போதும் என்று நிற்கிறோம்.

எதிர்க் கட்சி ஒன்றும் இருக்கிறது. இந்த மாதிரி ஆல்பங்களை இசைத்தட்டாக வாங்கி, காபி ஷாப்பில் மெலிதாக ஓடவிட்டு, கண்ணை மூடித் தலையாட்டி, யாராவது ‘புரியலையே’ என்றால் பரிதாபமாகப் பார்க்கிற கூட்டம். அவர்களைப் பற்றிப் பேசி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. புரிவதற்கு இதில் ஒன்றும் இல்லை. கேட்பதற்குத்தான் இருக்கிறது.

கேட்பது என்றால் என்ன என்று கோயமுத்தூருக்குப் பாடம் எடுக்கவும் அவசியமில்லை. காந்திபுரத்திலோ கணபதியிலோ ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போய்ப் பாருங்கள். மெக்கானிக் ஸ்குரூ டிரைவரின் நுனியை ஓடுகிற மோட்டாரின் மேல் வைப்பார். பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வார். கண் எங்கோ பார்க்கும். பத்து விநாடி. ‘பேரிங் போச்சுங்’ என்பார். கழற்றினால் பேரிங் போயிருக்கும். பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்து விற்றுப் பிழைக்கும் ஊர் இது. எந்தச் சத்தம் சரி, எந்தச் சத்தம் கோளாறு என்று பிரித்துச் சொல்லும் காது இங்கே ஒரு தலைமுறையின் சொத்து. சபாபதி என்பவர் 1955-ல் இந்த ஊரில் வெட் கிரைண்டரைக் கண்டுபிடித்தார். அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டோம். ஆனால் உளுந்து பதத்துக்கு வந்துவிட்டதா என்று சமையலறைக்கு வெளியே இருந்தபடி சத்தத்தை வைத்தே சொல்லும் அம்மாக்களுக்கு எந்தக் குறியீடும் கிடையாது.

பாரிஸில் பியர் ஷேஃபர் 1948-ல் ரயில் நிலையத்துக்குப் போய் எஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி வானொலியில் ஒலிபரப்பினார். இத்தாலியில் 1913-லேயே ருசோலோ என்ற ஓவியர் இனிமேல் தொழிற்சாலை இரைச்சல்தான் இசை என்று அறிக்கை விட்டார். அவர்கள் அறிக்கை விட்டுச் செய்ததை நம் மெக்கானிக் கூலிக்குச் செய்கிறார். அதனால்தான் இந்த ஊரில் இருந்துகொண்டு ‘சத்தத்தை எவனாவது உட்கார்ந்து கேட்பானா?’ என்று நக்கல் அடிப்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. எவனாவது என்ன, உங்கள் தாத்தா கேட்டார்.

இதைச் சோதித்துப் பார்க்கவே ஆல்பத்தை கருமத்தம்பட்டிப் பக்கம் இருக்கும் என் மாமாவிடம் கொண்டுபோனேன். நாற்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். ஒரு காது சுத்தமாக மந்தம். இன்னொன்று பரவாயில்லை. அந்தப் பரவாயில்லாத காதில் ஹெட்போனை வைத்து, எஸ்.சி. சர்மாவின் ‘டான்ஸ் மியூசிக்’கைப் போட்டேன். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். ஒரு துடிப்பு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். மாமா இரண்டு நிமிஷம் அசையாமல் கேட்டார்.

‘ஏனுங் மாப்ள, ஒத்தத் தறிய மட்டும் ஓட்டி ரெக்கார்டு பண்ணுனாப்புல இருக்குது?’

‘தறி இல்லீங் மாமா. மெஷின்ல உண்டாக்குன சத்தம்.’

‘அப்புடீங்களா? நாடா ஒரு பக்கம் கொஞ்சம் தாமசமாத் திரும்புதுங். பெல்ட்டு தேஞ்சிருக்கும் பாருங்.’

அகமதாபாத்தில் வயர் செருகிச் செய்த ஓர் எலெக்ட்ரானிக் துடிப்பில் தேய்ந்த பெல்ட்டைக் கேட்கிறார் ஒரு மனுஷர். நாற்பது தறி ஒரே கூடத்தில் ஓடும்போது, எந்தத் தறியில் பாவு நூல் அறுந்தது என்று கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் பிடித்தவர். இதுவரை இந்த ஆல்பத்தைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்திலும் இப்படி ஒரு கவனிப்பு இல்லை.

அதோடு முடித்திருந்தால் கட்டுரைக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஹெட்போனைக் கழற்றிவிட்டு மாமா இன்னொன்றும் சொன்னார்: ‘இந்தச் சத்தத்துலதானுங் என்ற காது போச்சு. இதையப் போயி ஆரு காசு குடுத்துக் கேப்பாங்க?’

இந்தக் கேள்விக்குக் ‘கலை’ என்று பதில் சொன்னால் அது அயோக்கியத்தனம். தறிக்கூடத்துக்குள் ஒரு ஷிஃப்ட் நின்று பார்த்தவர்கள் யாரும் அதைத் தாளம், லயம் என்று ரசிக்கமாட்டார்கள். பேசினால் கேட்காது, சைகைதான். வெளியே வந்த பிறகும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இரைச்சலால் வரும் காதுகேளாமை, தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இடம்பெற்றிருந்தது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரைதான் என்று வரம்பும் போட்டிருந்தார்கள். சின்னச் சின்னத் தறிக்கூடங்களில் இதை யார் போய் அளந்தார்கள் என்று கேட்காதீர்கள்.

ஆனால் மாமாவின் கேள்வி என் கட்சிக்குத்தான் பலம். 90 டெசிபல் என்பது காகிதத்தில் ஓர் எண். படிக்கிறவனுக்கு அது ஒன்றும் செய்யாது. மாமா காதைக் கொடுத்துச் சம்பாதித்த வேலை எப்படி இருந்தது என்று அவர் பேத்திக்கு எப்படித் தெரியும்? போட்டோவில் தறி சாதுவாக நிற்கிறது. பழைய தறியை அருங்காட்சியகத்தில் வைத்தால் இன்னும் சாது, பெயின்ட் அடித்துப் பூ வைத்து ஆயுத பூஜை கொண்டாடலாம். அதன் கொடுமை முழுக்கச் சத்தத்தில் இருந்தது. சத்தத்தை விட்டுவிட்டு இரும்பை மட்டும் வைப்பது சாட்சியை விரட்டிவிட்டுக் கேஸ் நடத்துவது மாதிரி.

இரும்பையும்தான் வைக்கவில்லையே! சோமனூர், பல்லடம் பக்கம் கூலிப் பிரச்சினையிலும் நஷ்டத்திலும் எத்தனையோ பேர் நாடாத் தறிகளை உடைத்துப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டார்கள். புதிதாக வருகிற தறிகளில் நாடாவே கிடையாது. சத்தமும் வேறு. 1888-ல் தொடங்கிய, ஊரின் முதல் பஞ்சாலையான ஸ்டேன்ஸ் மில் உட்பட தேசிய பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. ஊரடங்கு போனது, ஆலைகள் திறக்கவில்லை. தொழிலாளிகள் கேட்டுப் போராடினார்கள், மனு கொடுத்தார்கள். அவர்கள் கூலிக் கதை தனியாக எழுதப்பட வேண்டியது. நான் இங்கே பேசுவது அந்த மில்களின் சங்கைப் பற்றி. ஒரு காலத்தில் இந்த ஊரில் கடிகாரம் கட்டாதவர்கள் அதிகம், சங்கு ஊதினால் எழுந்தார்கள், சங்கு ஊதினால் உலை வைத்தார்கள். நான் பையனாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு இரண்டு மில் சங்கு கேட்கும். ஒன்று தடித்த குரல், ஒன்று கீச்சு. எது எந்த மில் என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். இன்று உங்கள் பேரனுக்கு அந்தச் சங்கைக் கேட்கவைக்க வேண்டும் என்றால் எங்கே கூட்டிப்போவீர்கள்? அவினாசி ரோட்டில் கார் மியூசியம் இருக்கிறது, அருமையான இடம். கார்களெல்லாம் பளபளவென்று, ஆனால் எஞ்சினை அணைத்துவிட்டு.

நான் பி.காம். கணக்கில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. மெஷின் வாங்கிய விலையில் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஸ்கிராப் வேல்யூ நிற்கும். கண்ணுக்குத் தெரியாத ‘குட்வில்’லுக்குக்கூட மதிப்புப் போட்டு ஐந்தொகையில் ஏற்றுகிற சாமர்த்தியம் அந்தச் சாஸ்திரத்துக்கு உண்டு. சத்தத்துக்கு மட்டும் எந்த லெட்ஜரிலும் பக்கம் இல்லை. ‘இரைச்சல்’ என்று பேர் வைத்துவிட்டால் பக்கம் ஒதுக்கத் தேவையில்லை பாருங்கள்.

நம் சத்தத்தைச் சேமிக்க எப்போதும் வெளியிலிருந்துதான் ஆள் வர வேண்டியிருக்கிறது என்பது இன்னொரு வயிற்றெரிச்சல். அகமதாபாத் டேப்புக்கு லண்டன்வாசி. கொங்கு நாட்டுக்கு? 1965-ல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற இளம் ஆராய்ச்சியாளர் டேப் ரிக்கார்டரோடு உட்கார்ந்தார். அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடியவரை முழுசாகப் பதிவு செய்தார். 18 ராத்திரி, 38 மணி நேரம். பொன்னரும் சங்கரும் படுகளம் போனதை நாம் வீட்டுக்கு வீடு அழுதுகொண்டே கேட்டவர்கள்தான். முழுசாக டேப்பில் பிடிக்க வேண்டும் என்று கடல் கடந்து வந்தவருக்குத் தோன்றியது. அவர் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அந்த 18 ராத்திரியும் விடிந்ததும் காற்றோடு போயிருக்கும். உடுக்கையையும் ஒரு காலத்தில் படித்தவர்கள் இரைச்சல் என்றுதான் சொன்னார்கள். இப்போது அதற்குப் ‘பாரம்பரியம்’ என்று பெயர் மாற்றி மேடை போட்டுச் சால்வை போர்த்துகிறோம். அந்த மரியாதை கிடைக்கத் தறிக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ. அதற்குள் தறி இருக்காது.

எனவே, அந்த ஆல்பத்தை நீங்கள் கேட்டே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்டால், பாட்டை எதிர்பார்க்காமல் ஸ்குரூ டிரைவர் நுனியில் காதை வைக்கும் மெக்கானிக் மாதிரிக் கேளுங்கள். மாத்தூரின் ‘மை பேர்ட்ஸ்’ஸிலிருந்து ஆரம்பியுங்கள். பறவையா, மெஷினா என்று ஒரு நிமிஷமாவது குழம்புவீர்கள். பிடிக்கவில்லையா, நிறுத்திவிடுங்கள். யாரும் பரீட்சை வைக்கப் போவதில்லை.

ஆனால் இன்னொரு வேலை இருக்கிறது. அதற்கு மோக் சிந்தசைசரும் வேண்டாம், ஃபோர்டு பவுண்டேஷன் காசும் வேண்டாம். உங்கள் சட்டைப் பையில் இருக்கிற போன் அன்றைய டேப் ரிக்கார்டரைவிடக் கெட்டிக்காரக் கருவி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோமனூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், நாடாத் தறி ஓடுகிற கூடம் ஒன்றைத் தேடுங்கள். பத்து நிமிஷம் பதிவு செய்யுங்கள். முதலில் உங்கள் குரலில் தேதி, ஊர், என்ன தறி, எத்தனை தறி, என்ன துணி என்று சொல்லிவிடுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். முடிந்தால் நூல் அறுந்து ஒரு தறி நின்று மறுபடி ஓடும்வரை இருங்கள். தறி ஓட்டுகிறவரையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள், வெளியே வந்து, கேட்கிற இடத்தில். முக்கியமாக ஓனரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். போனை நீட்டிக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்தால் மின்சார வாரியத்திலிருந்து கணக்கெடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மெயினை அணைத்துவிடப் போகிறார்.